இரண்டாம் சனிக்கிழமைப் படங்கள்

நான் முதன்முதலாக எடுத்த பறவைப் படத்தில் பறவை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஸ்டுடியோக்காரருக்கு லென்ஸ் தேவைப்பட்டது.

அறுபதுகளின் நடுப்பகுதி. பஞ்சாயத்து யூனியனில் நான் கிராம சேவிகா. மாதர் சங்கம் நடத்துவது, வீட்டுத் தோட்டத்துக்கு விதை கொடுப்பது, கோழிக்குஞ்சு கொடுப்பது, ஊசி போடுகிற நாளில் அலறுகிற பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வது எல்லாம் என் வேலை. காரைக்குடியில் அம்மாவும் நானும் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். பக்கத்து ஊர்களுக்குச் சைக்கிள், கண்டரமாணிக்கம், வலையபட்டி போன்ற தூரத்து ஊர்களுக்கு பஸ். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிள் மிதிக்கும் பெண்ணை ஊர் முதல் ஆறு மாதம் வேடிக்கை பார்த்தது. அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிட்டது.

பட்டாளத்தில் இருந்த என் அண்ணன் ஒரு பொங்கல் லீவுக்கு வந்தபோது பெட்டிக் கேமரா ஒன்றைக் கொண்டுவந்தான். அம்மாவையும் என்னையும் வாசலில் நிறுத்தி இரண்டு படம் எடுத்தான். திரும்பிப் போகும்போது டிரங்குப் பெட்டியில் இடமில்லை என்று கேமராவை என்னிடமே விட்டுப் போனான். ரோலில் இன்னும் பத்துப் படம் பாக்கி இருந்தது. அந்தப் பத்தையும் நான் ஊருணிக் கரையிலும் பனங்காட்டிலும் செலவழித்தேன்.

"ஆளே இல்லாத படத்தை எடுத்து என்னடி செய்யப் போறே?" என்று அம்மா கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

கடைத்தெருவை ஒட்டிய சந்தில் ஒரு ஸ்டுடியோ இருந்தது. நடத்தியவருக்கு நாற்பது வயதிருக்கும். கல்யாணப் படமும் மலேயா போகிறவர்களின் பாஸ்போர்ட் படமுமாக அவர் காலம் ஓடிக்கொண்டிருந்தது. என் ரோலைக் கழுவிப் பிரிண்டு போட்டு வைத்திருந்தவர், நான் போனதும் கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார்.

"தங்கச்சி, இதுல எதை எடுத்தீக?"

"கொக்கு அண்ணே."

அவர் மேசை டிராயரைத் திறந்து லென்ஸை எடுத்தார். படத்தின் இடது மூலையிலிருந்து ஆரம்பித்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தேடினார். கடைசியில் ஒரு இடத்தில் நிறுத்தி, "கெடைச்சிருச்சு. இந்தா, இங்குட்டு இருக்கு. நான் அழுக்குன்னு நெனச்சு ரெண்டு தடவை தண்ணியில அலசுனேன்" என்றார்.

பாஸ்போர்ட் படம் வாங்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். அரசு கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர். எங்கள் யூனியன் கோழிகளைப் பார்க்க வருவார் என்பதால் எனக்கு முகம் தெரியும். அவர் லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது கொக்கும் இல்ல. மடையான். கொக்கு மாதிரியே இருக்கும், முதுகுதான் மண்ணு நெறம். பறக்கப் போகுது பாருங்க, கழுத்தை நீட்டிருச்சு. நீங்க கிட்டப் போயி பயங்காட்டியிருக்கீக" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் கோபம் வரவில்லை. இத்தனை நாளில் நான் செய்த ஒன்றை இரண்டு பேர் ஐந்து நிமிஷம் உற்றுப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது சனிக்கிழமை எனக்கும் டாக்டருக்கும் ஆபீஸ் விடுமுறை. மத்தியானம் மூன்று மணிக்கு ஸ்டுடியோவிலும் ஆள் வராது. அப்படியாக நாங்கள் கூட ஆரம்பித்தோம். நாலாவதாக ஒரு செட்டியார் வீட்டு ஆச்சி வந்து சேர்ந்தார். முப்பத்தெட்டு வயதிருக்கும். கணவர் பினாங்கில் வியாபாரம். அவர் அனுப்பிய நல்ல கேமராவில் குடும்பப் படம் எடுப்பார் என்று வீட்டார் நினைத்திருக்க, ஆச்சி எடுத்ததெல்லாம் எறும்பு வரிசையும், பாகற்கொடியின் சுருளும், முற்றத்துச் சங்கிலியில் உட்கார்ந்த தவிட்டுக்குருவியும்தான். பழைய கார் ஒன்றில் வந்து இறங்குவார். அவர் வந்ததால்தான் அம்மாவும் என்னை ஒன்றும் சொல்லாமல் அனுப்பினாள்.

ஸ்டுடியோவின் உள்ளறையில் பிரிண்டு காயப்போடும் கயிறு உண்டு. எங்கள் படங்களை அதில் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கவிடுவோம். எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது, மற்ற மூவரும் பேசி முடிக்கும்வரை. "நல்லாருக்கு" என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் அன்றைக்கு எல்லோருக்கும் வடையும் காபியும் அவர் பொறுப்பு. இந்த இரண்டாவது விதியைக் கொண்டுவந்தவர் டாக்டர்.

"நல்லாருக்குன்னு சொல்றதுக்கு இம்புட்டு தூரம் வரணுமா? அதை வீட்ல சொல்லிருவாக" என்றார்.

அம்மா வீட்டில் அதையும் சொன்னதில்லை என்பதை நான் சொல்லவில்லை.

ஒவ்வொருவர் பார்வையும் ஒவ்வொரு விதம். ஸ்டுடியோ அண்ணனுக்கு வெளிச்சம்தான் எல்லாம். உச்சி வெயிலில் நான் எடுத்த வெள்ளைக் கொக்கைப் பார்த்துவிட்டு, "கொக்கா, கொடியில காயிற வேட்டியா? றெக்கை ஒண்ணுகூட பிரிஞ்சு தெரியல. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு முன்னாடி போங்க" என்பார். டாக்டர் படத்தையே பார்க்க மாட்டார், படத்திலிருக்கும் உயிரைப் பார்ப்பார். அது பயந்திருக்கிறதா, மேய்கிறதா, குஞ்சுக்குக் கொண்டுபோகிறதா என்பதில்தான் அவர் கண். ஆச்சி கேள்வி மட்டும் கேட்பார். "ஏம்மா, இங்குட்டு இம்புட்டு எடம் சும்மா கெடக்குதே, எதுக்கு விட்டே?" என்பார். பதில் தெரியாமல் விழிக்கும்போதுதான் நான் எதற்கும் விடவில்லை, கவனிக்கவே இல்லை என்று எனக்கே புரியும்.

என் முறை வரும்போது நான் தடுமாறுவேன். கிராமத்துத் தாய்மாரிடம் பேசிப் பேசி எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. முதலில் பிள்ளையைப் பாராட்ட வேண்டும், அப்புறம்தான் தலையில் இருக்கும் சிரங்கைப் பற்றிப் பேச வேண்டும். அதே மாதிரி ஸ்டுடியோ அண்ணன் எடுத்த தாமரைக்குளம் படத்துக்கு, "தண்ணி ரொம்ப அமைதியா இருக்குண்ணே, பூவெல்லாம் அழகா வந்திருக்கு, கேமரா ஆடவே இல்ல, ஆனா..." என்று இழுத்தேன்.

டாக்டர் குறுக்கே வந்தார். "சேவிகாம்மா, நீங்க ஊசிய முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டுக் கொஞ்சுற நர்சம்மா மாதிரியே பேசுறீக. குத்தப் போறீகன்னு எங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. சட்டுனு குத்துங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, "கரை கோணலா இருக்கு. தண்ணி எல்லாம் வலது பக்கம் ஊத்திரும் போல இருக்கு" என்றேன். ஸ்டுடியோ அண்ணன் கழுத்தைச் சாய்த்துப் பார்த்து, "அடப்பாவமே, ஆமா" என்றார். அடுத்த மாதம் அதே குளத்தைக் கரை நேராக எடுத்து வந்தார்.

அந்த வெற்றி என் தலைக்கு ஏறிவிட்டது. நாலைந்து மாதத்தில் நான் மிகவும் கூர்மையாகப் பேசுகிறவளாக ஆகிவிட்டேன். பேசுவதற்கு முன்பே எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

டாக்டர் அதுவரைக்கும் படம் எடுத்ததே இல்லை. பேச்சு மட்டும்தான். ஒரு சனிக்கிழமை, மைத்துனரிடம் இரவல் வாங்கிய கேமராவில் எடுத்ததாகச் சொல்லி ஒரே ஒரு படத்தைக் கொண்டுவந்தார். குன்றக்குடி மலைக்குப் பின்னால் ஒரு பாறை, பாறைமேல் ஒரு மயில். மயிலின் தோகையில் பாதி படத்துக்கு வெளியே போய்விட்டிருந்தது. அவரே கிளிப்பை எடுத்துத் தன் கையால் தொங்கவிட்டார். தொங்கவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் முதல் ஆளாக ஆரம்பித்தேன். "மிச்சத் தோகை எங்க டாக்டர், ஊருக்குப் போயிருக்கா?"

ஸ்டுடியோ அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் போதவில்லை. பாறை கறுத்துப் போயிருக்கிறது, மயிலின் கண் தெரியவில்லை, பின்னால் ஒரு பனைமரம் மயில் தலையில் முளைத்த மாதிரி நிற்கிறது, கேமரா ஆடியிருக்கிறது என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே போனேன். ஏழு குறை சொன்னேன். ஏழும் உண்மைதான். டாக்டர், "சரி" என்று மட்டும் சொன்னார். வடை வந்தபோது வயிறு சரியில்லை என்றார். படத்தை எடுத்துக் கவரில் போட்டுக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

அடுத்த இரண்டாவது சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. "மாட்டுக்குக் கோமாரி வர்ற சீசன், வேலை இருக்கும்" என்று ஸ்டுடியோ அண்ணன் சொன்னார். ஆச்சி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, கிளிப்பை எடுத்து அடுத்த படத்தை மாட்டினார்.

நேராகப் போய்ப் பேச எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு புதன்கிழமை, யூனியனில் கொடுத்த கோழிகளில் ஒன்றைப் பிடித்து, கூடையில் போட்டு, சைக்கிளில் கட்டிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இரண்டு மாடும் ஒரு கிடாயும் எனக்கு முன்னால் காத்திருந்தன. என் முறை வந்ததும் டாக்டர் கோழியை எடுத்து, கண்ணைப் பார்த்தார், அலகைத் திறந்து பார்த்தார், இறக்கையை விரித்துப் பார்த்தார், வயிற்றைத் தடவினார்.

"கோழிக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு முட்டை வைக்கும்" என்றார். "உங்களுக்கு என்ன?"

"அன்னைக்கு நான் அதிகமாப் பேசிட்டேன் டாக்டர்."

அவர் கோழியைத் திரும்பக் கூடைக்குள் விட்டார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே பேசினார்.

"நீங்க சொன்னதுல எதுவும் தப்பில்ல. வீட்டுக்குப் போயி ஒண்ணொண்ணாப் பாத்தேன். எல்லாம் சரி. ஆனா நாலு நாளு, விடியக்காலையில போயி அந்தப் பாறைக்கு எதுத்தாப்புல உக்காந்திருந்தேன். மூணு நாளு மயில் வரவே இல்ல. நாலாவது நாளு வந்துச்சு. கை நடுங்கிருச்சு. அமுக்கிட்டேன். அதை யாராச்சும் கேப்பீகன்னு நெனச்சேன்."

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "நீங்களும் எங்ககிட்ட ஒரு நாளும் கேட்டதில்லையே டாக்டர். மடையானை எடுக்க நான் முழங்கால் சேத்துல நின்னேன். செருப்பு உள்ளேயே போயிருச்சு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அப்படியா? செருப்பு போனதைச் சொல்லியிருந்தா நான் கொஞ்சம் பாத்துப் பேசியிருப்பேனே."

"எடுத்தவங்க வாயைத் திறக்கக் கூடாதுன்னு நம்ம வச்சிருக்கோமே."

"அது தப்பா வச்சுட்டோம்" என்றார்.

மறு மாதம் அவர் வந்தார். விதி மாறியது. முதலில் எடுத்தவர் பேசுவார். எங்கே நின்றோம், எவ்வளவு நேரம் காத்திருந்தோம், எதைப் பார்த்து அமுக்கினோம் என்று சொல்வார். அதற்கப்புறம் மற்றவர்கள். மயில் படம் மறுபடி கயிற்றுக்கு வந்தது. நாலு நாள் கதையைக் கேட்டபின் ஸ்டுடியோ அண்ணன், "அப்ப அஞ்சாவது நாளும் அது அங்கதான் வரும். நீங்க நாலு அடி பின்னாடி நகந்து உக்காருங்க, தோகை முழுசா உள்ள வந்துரும்" என்றார். ஏழு குறைக்குப் பதில் ஒரே ஒரு வேலை. டாக்டர் போனார். ஒரு மாதம் கழித்துத் தோகை முழுசாக உள்ளே இருக்கும் மயிலோடு வந்தார். பனைமரம் இன்னமும் தலையில்தான் நின்றது. அதை நாங்கள் இன்னொரு மாதத்துக்கு ஒத்திவைத்தோம்.

இந்தப் புதிய விதிதான் என்னையும் ஒரு நாள் பிடித்தது.

ஒரு பங்குனி மாதம். கண்டரமாணிக்கம் போகும் வழியில் ஒரு கண்மாய்க் கரையில், காரைச் செடிப் புதர் ஒன்றுக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. என் பெட்டிக் கேமரா அவ்வளவு கிட்டத்தில் எடுக்காது. ஆச்சி தன் கேமராவை எனக்கு ஒரு வாரம் கொடுத்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை, போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அடுத்த பஸ் வர ஒன்றரை மணி நேரம் இருந்தது. கூட்டில் மூன்று குஞ்சுகள். ஆனால் மேலே ஒரு கிளை குடை மாதிரி கவிந்து இருட்டாக்கிக்கொண்டிருந்தது. பையில் ஆபீஸ் ஃபைல் கட்டும் நாடா இருந்தது. கிளையை இழுத்துப் பின்னால் இருந்த கருவேல மரத்தோடு கட்டினேன். வெயில் நேராகக் கூட்டுக்குள் விழுந்தது. தாய் வரக் காத்திருந்தேன். வந்தது, சுற்றிச் சுற்றிக் கத்தியது, கடைசியில் கூட்டு விளிம்பில் உட்கார்ந்தது. மூன்று வாயும் திறந்தன. அமுக்கினேன்.

அந்த நேரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. வலையபட்டியில் மாதர் சங்கம் காத்திருந்தது. பையை அள்ளிக்கொண்டு ஓடினேன்.

மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை. ஸ்டுடியோ அண்ணன் காலையிலேயே பெரிதாகப் பிரிண்டு போட்டு வைத்திருந்தார். மூன்று மணிக்கு அதைக் கயிற்றில் தொங்கவிட்டார். குஞ்சுகளின் தொண்டைக்குள் இருக்கும் மடிப்புகூடத் தெரிந்தது. தாயின் கொண்டையில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக நின்றது.

"நல்லாருக்கு" என்றார் ஸ்டுடியோ அண்ணன். "வடை என் பொறுப்பு. போனாப் போகுது."

வடை வந்தது. இதை மெட்ராஸ் பத்திரிகைப் போட்டிக்கு அனுப்பலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, விதிப்படி நான் எழுந்து எடுத்த கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண்மாய், காரைப் புதர், ஒரு மணி நேரக் காத்திருப்பு எல்லாம் சொன்னேன்.

ஆச்சி படத்துக்கு அருகே போனார். "காரைச் செடிக்குள்ள இம்புட்டு வெளிச்சம் எப்படி வந்துச்சு? எங்க தோட்டத்துக் காரைக்குள்ள மத்தியானத்துலயே ஒண்ணும் தெரியாதே."

"கிளையை இழுத்துக் கட்டினேன் ஆச்சி" என்றேன். ஏதோ சாமர்த்தியத்தைச் சொல்வது போலத்தான் சொன்னேன்.

டாக்டர் வடையைத் தட்டில் வைத்தார். "எப்ப அவுத்தீக?"

பஸ் ஹாரன்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. அதற்கு அப்புறம் நாடாவை அவிழ்த்ததாக நினைவே இல்லை. "அவுக்கவே இல்ல டாக்டர்" என்றேன்.

"நேத்துக் காலையில இருந்தா?" என்று டாக்டர் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

ஆச்சி கைப்பையை எடுத்துக்கொண்டார். "கார் வாசல்ல நிக்குது. வாங்க."

ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு நாலு பேரும் காரில் ஏறினோம். ஸ்டுடியோ அண்ணன் வடைப் பொட்டலத்தைக் கையில் வைத்திருந்ததைப் பிள்ளையார்பட்டி தாண்டும்போதுதான் கவனித்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே போனேன். வெளியே பங்குனி வெயில் தரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. அந்த வெயில் அந்தச் சின்னக் கூட்டுக்குள் ஒன்றரை நாளாக நேராக விழுந்திருக்கிறது.

கூட்டில் இரண்டு குஞ்சுதான் இருந்தது. மூன்றாவது எங்கே போனது என்று தெரியவில்லை. டாக்டர் புதருக்கு அடியில் குனிந்து தேடினார், கிடைக்கவில்லை. "காக்கா எடுத்திருக்கும். வெளியில இருந்து பாத்தா இப்பக் கூடு நல்லாத் தெரியுது" என்றார். மிச்ச இரண்டும் கழுத்தைத் தொங்கப்போட்டு வாயைப் பிளந்து கிடந்தன. பசிக்குத் திறக்கிற மாதிரி இல்லை அது. தாய் எதிர் மரத்தில் கத்திக்கொண்டிருந்தது.

நான் நாடாவை அவிழ்க்கப் போனேன். கை வழுக்கியது, முடிச்சு இறுகிப் போயிருந்தது. டாக்டர் பேனாக்கத்தியால் அறுத்தார். கிளை பழைய இடத்துக்குப் போகவில்லை. வளைந்தபடியே வாடி நின்றது. ஸ்டுடியோ அண்ணன் வடைப் பொட்டலத்தைக் காருக்குள் போட்டுவிட்டு, கரையிலிருந்து கவட்டைக் குச்சி ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். அதை ஊன்றிக் கிளையைத் தாங்கிக் கொடுத்தோம். கூட்டின்மேல் நிழல் விழுந்தது. பிறகு டாக்டர் எங்களைக் கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

அங்கே உட்கார்ந்து காத்திருந்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான அரைமணி நேரத்தைப் பார்த்ததில்லை. தாய் பறந்து வந்து புதரின் உச்சியில் உட்கார்ந்தது, திரும்பிப் போனது, மறுபடி வந்தது. அப்புறம் உள்ளே இறங்கியது. வெளியே வரவில்லை.

"உக்காந்துருச்சு" என்றார் டாக்டர்.

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. ஆச்சி என் முதுகில் கையை வைத்து, "அழு. ஆனா சத்தம் போடாம அழு, அது பறந்துரும்" என்றார். அழுதுகொண்டே சிரித்தேன்.

திரும்பும்போது, "போட்டிக்கு அனுப்ப வேணாம் அண்ணே" என்றேன். ஸ்டுடியோ அண்ணன் தலையாட்டினார். அவருக்கு வருத்தம்தான். அவர் போட்டதிலேயே அருமையான பிரிண்டு அது. டாக்டர், "படத்துல ஒரு குறையும் இல்ல சேவிகாம்மா. அதையும் சொல்லணும்ல" என்றார். அவர் ஆறுதலுக்காகச் சொல்கிறவர் இல்லை. அதனால்தான் அந்த வார்த்தை எனக்கு அதிகமாக வலித்தது.

அடுத்து வந்த நாட்களில் நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கரைக்கு இந்தப் பக்கமே நின்று பார்த்தேன். ஒன்பதாவது நாள் தாயும் தகப்பனும் மாறி மாறிப் புதருக்குள் போய் வந்தன. பதினோராவது நாள் சத்தமே இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன், கூடு காலி. பறந்துவிட்டனவா, வேறு ஏதாவது ஆனதா என்று யாரால் சொல்ல முடியும்? டாக்டரிடம் கேட்டேன். "நாள் கணக்கு சரியா இருக்கு. பறந்திருக்கும்" என்றார். நான் நம்பினேன். நம்ப விரும்பினேன் என்பதும் உண்மை. அதற்குப் பிறகு நான் கூட்டைப் படம் எடுத்ததே இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் கையில் நல்ல படங்களாக அறுபது எழுபது சேர்ந்திருந்தன. ஒரு பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்கு ஒரு கூடத்தைக் கொடுத்து, படங்களை வைக்கச் சொன்னார்கள். அட்டையில் ஒட்டி, கீழே பெயர் எழுதி மாட்டினோம். அதில் பாதி கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயில் எடுத்தவை. திருப்பத்தூருக்கு அப்பால் இருக்கும் அந்த ஊருக்கு வருஷா வருஷம் வெளிதேசப் பறவைகள் வரும். அவை பயந்துவிடும் என்று அந்த ஊரார் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. நாங்கள் மழைக்காலம் முடிந்ததும் காரில் போய், சாயங்காலம்வரை இருந்து எடுத்து வருவோம்.

கூடத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொன்னார்கள். நல்லாருக்கு, நல்லாருக்கு. எங்கள் விதிப்படி பார்த்தால் வந்த கூட்டமே எங்களுக்கு வடை வாங்கித் தர வேண்டியிருக்கும். மத்தியானம் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், மகளின் பரிசளிப்பைப் பார்க்கக் கொள்ளுக்குடிப்பட்டியிலிருந்து வந்தவர், டாக்டரின் படம் ஒன்றின் முன்னால் நின்றார். நாரைக் கூட்டம் மரத்தில் இருக்கும் படம். கீழே 'அதிகாலை' என்று எழுதியிருந்தது. மகளிடம் அதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார்.

"இது காலையில்ல, சாயங்காலம்" என்றார் அந்தப் பெண்.

டாக்டர் அருகில்தான் இருந்தார். "இல்லம்மா. நான்தான் எடுத்தேன். விடியக்காலை."

"நீங்க எடுத்திருப்பீக. ஆனா இந்தப் புளியமரம் எங்க வீட்டுக்கு மேக்க நிக்குது. இந்தா, இந்த ஓரத்துல தெரியுறது எங்க கூரை. வெயிலு மரத்துக்கு அங்குட்டு இருந்துல்ல வருது. காலையில எப்படி மேக்க இருந்து வெயிலு வரும்?"

டாக்டர் படத்தைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினார். இரண்டு படங்களின் பெயரை மாற்றி ஒட்டியிருந்தார். "ஆமாம்மா. சாயங்காலம்தான்" என்று பேனாவைத் திறந்து, அந்த இடத்திலேயே அடித்துத் திருத்தினார்.

அந்தப் பெண் இன்னும் போகவில்லை. "எங்க ஊருக்கு வந்து இம்புட்டுப் படம் எடுத்திருக்கீக. கார் வந்து நிக்கும், எறங்குவீக, கண்மாய்க்குப் போவீக, திரும்பிப் போயிருவீக. எங்க ஊர்ல ஒருத்தருக்காச்சும் ஒரு படத்தைக் காட்டுனீகளா?"

இத்தனை வருஷம் கரையையும் கண்ணையும் பனைமரத்தையும் பற்றிப் பேசியிருக்கிறோம். இது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை முப்பது படங்களோடு கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போனோம். ஊர்ச் சாவடியில் கயிறு கட்டி எல்லாவற்றையும் தொங்கவிட்டோம். ஊரே வந்தது. அங்கே கிடைத்த விமர்சனம் மாதிரி எங்களுக்கு எந்தச் சனிக்கிழமையும் கிடைத்ததில்லை. ஆச்சி பெருமையாக நினைத்திருந்த அரிவாள்மூக்கன் பறவைப் படத்தின் முன்னால் ஒருவர் வெகுநேரம் நின்று, "எங்க வைக்கப்போரு நல்லா விழுந்திருக்கு" என்றார். ஆச்சி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். என் படம் ஒன்றில் பறவைகளுக்குப் பின்னால் ஒரு எருமை நின்றது. அந்த எருமை போன மாசம் செத்துப்போனது என்று அதன் சொந்தக்காரி வந்து, படத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். இந்த வருஷம் நாரை குறைச்சல், போன வருஷம் நீங்கள் வராத வாரத்தில்தான் அதிகம் என்று பலர் சொன்னார்கள். டாக்டர் ஒவ்வொருவர் சொன்னதையும் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார்.

புறப்படும்போது, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றோம். பள்ளிக்கூடத்தில் எங்களைக் கேள்வி கேட்ட அந்தப் பெண் வரிசை முழுவதையும் ஒரு தடவை நடந்து பார்த்தார். பிறகு, ஒரு ஓரத்தில் அட்டையில் ஒட்டாமல் கிடந்த ஒரு படத்தை எடுத்தார். மற்ற படங்கள் கசங்காமல் இருக்க ஸ்டுடியோ அண்ணன் கட்டுக்கு மேலே வைத்திருந்த கழிவுப் பிரிண்டு அது. கண்மாயிலிருந்து மொத்தக் கூட்டமும் எழும்பும் நேரத்தில் எடுத்தது. ஒரு பறவைகூடத் தெளிவாக இல்லை. எல்லாம் வெள்ளைக் கீற்றுக் கீற்றாக இழுபட்டிருந்தது.

"அது ஆடிப் போச்சும்மா. வேற எடுத்துக்கங்க" என்றார் டாக்டர்.

"இதுலதான் சத்தம் கேக்குது" என்றார் அவர்.

டாக்டர், ஷட்டர் மெதுவாக இருந்தால் இப்படித்தான் ஆகும் என்று விளக்க வாயைத் திறந்தார். ஸ்டுடியோ அண்ணன் அவர் கையைப் பிடித்துக் காருக்கு இழுத்துக்கொண்டு போனார். ஆச்சியும் நானும் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினோம்.